லுக்லா, 2017 மே 27: திரும்பிப் போக வழியில்லாத ஓடுபாதையில் ஒரு தரையிறக்க விபத்து

2017 மே 27 அன்று பிற்பகல் இரண்டு மணியளவில், காத்மாண்டுவிலிருந்து சரக்கு ஏற்றி வந்த லெட் எல்-410 வகைச் சிறு விமானம் ஒன்று, கிழக்கு நேபாளத்தின் லுக்லா ஓடுபாதையைத் தொடச் சில நொடிகளே இருந்தபோது, அதன் தொடக்க விளிம்புக்கு முன்னால் உள்ள சரிவில் மோதி விழுந்தது. விமானத்தில் இருந்தவர்கள் மூவர், மூவரும் பணியாளர்கள். தலைமை விமானியும் துணை விமானியும் உயிரிழந்தனர். மூன்றாமவர் காயங்களுடன் பிழைத்தார். கோமா ஏர் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் சம்மிட் ஏர் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் விமானம் அது. பதிவெண் 9என்-ஏகேஒய். செக் நாட்டில் 2014-ல் தயாரானது. அதாவது, ஓடித் தேய்ந்த பழைய விமானம் அன்று.

உயிரிழப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் லுக்லாவில் நேர்ந்த விபத்துகளில் இது பெரியதன்று. 2008 அக்டோபர் 8 அன்று இதே ஓடுபாதையின் வாயிலில் 18 பேர் மாண்டனர். ஆயினும், மலைநாட்டுச் சிறு ஓடுபாதைகளில் தரையிறக்க விபத்துகள் எவ்வாறு உருவாகின்றன என்று அறிய விரும்புகிறவர் அந்தப் பெரிய விபத்தைவிட இந்தச் சிறிய விபத்தைக் கையில் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. 2017-ல் விமானிகள் தாம் இருக்கும் இடத்தின் ஆபத்தை உணர்ந்து அதிலிருந்து மேலெழ முயன்றார்கள், அந்த முயற்சியில்தான் விமானம் பறக்கும் தன்மையை இழந்தது. அப்படியென்றால் தப்பிக்கும் வாய்ப்பு அதற்கு முன்பே எங்கோ கைநழுவிப் போயிருக்க வேண்டும். அது எங்கே நழுவியது என்பதைத் தேடுவதே இந்த ஆய்வு.

இடம்

எவரெஸ்ட் பகுதிக்கு மலையேறப் போகிறவர்களில் பெரும்பாலோர் கால் வைக்கும் முதல் ஊர் லுக்லா. அதன் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,845 மீட்டர் உயரத்தில், தூத் கோசி ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கச் சரிவில், அலமாரித் தட்டு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1964-ல், எவரெஸ்ட்டின் உச்சியை முதலில் அடைந்த இருவரில் ஒருவரான எட்மண்ட் ஹிலாரியின் மேற்பார்வையில் இது கட்டப்பட்டது. சமதளமான விளைநிலத்தில் அமைக்கவே அவர் முதலில் எண்ணினார். உழவர்கள் நிலத்தை விட்டுக்கொடுக்காததால் இந்தச் சரிவுக்கு வந்து சேர்ந்தார். மண் இறுகாமல் பொதுபொதுவென்று இருந்ததால், ஊர் ஷெர்பாக்களுக்கு மது வாங்கிக் கொடுத்து, அவர்களை அங்கே ஆட வைத்துத் தரையை மிதித்து இறுக்கினார்கள் என்பது அந்த வட்டாரத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. சாலை உருளை போய்ச் சேர முடியாத இடத்தில் அதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

அந்த மண் பாதைக்குத் தார் போடப்பட்டது 2001-ல்தான். 2008-ல் ஹிலாரியின் பெயரையும் அவரோடு உச்சியை அடைந்த டென்சிங்கின் பெயரையும் சேர்த்து நிலையத்துக்குச் சூட்டினார்கள். தார் போட்டதைச் சிறு செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. கரடுமுரடான ஓடுபாதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஆபத்துகள் தரையைச் சார்ந்தவை: கல் தெறித்துச் சுழல்விசிறி அடிபடும், பள்ளத்தில் மூக்குச் சக்கரம் இறங்கி முறியும், ஈரமண்ணில் பிரேக் பிடிக்காது. இவற்றில் பெரும்பகுதியைத் தார் போக்கிவிட்டது. ஆனால் 2008, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளின் விபத்துகளும் தார் போட்ட பிறகு நேர்ந்தவை. இரண்டிலும் விமானம் தாரைத் தொடவே இல்லை. ஓடுபாதையைச் செப்பனிட்டுவிடலாம்; அதை நோக்கி வரும் வான்வழியைச் செப்பனிட எந்தத் தாரும் இல்லை.

அந்த வான்வழி எப்படிப்பட்டது? ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். காத்மாண்டுவின் ஓடுபாதையோ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ளது. லுக்லாவில் தரையிறங்குவது ஒரே திசையில், 06 என்று எண்ணிடப்பட்ட பக்கத்திலிருந்து, மேட்டை நோக்கி. புறப்படுவது அதற்கு நேர் எதிர்த்திசையில், பள்ளத்தை நோக்கி. மேல்முனையில் கற்சுவரும் அதன் பின்னே மலையும் நிற்கின்றன. கீழ்முனையில் தரை சட்டென்று முடிந்து, ஆற்றை நோக்கிப் பல நூறு மீட்டர் ஆழம் சரிகிறது. கருவிகளைப் பார்த்து இறங்கும் வசதி கிடையாது. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஆகவே மேகம் வந்தால் நிலையத்தை மூடுவார்கள். விமானம் நெருங்கும்போது ஊருக்கே கேட்கும்படி சைரன் ஒலிக்கும்.

சாய்வு செய்யும் உதவியும் செய்யும் வஞ்சனையும்

லுக்லா ஓடுபாதையின் சாய்வு 11.7 சதவீதம். இதைக் கணக்காக்கிப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். 527 மீட்டர் தூரத்துக்கு இந்தச் சாய்வு ஏறக்குறைய 60 மீட்டர் உயர வேறுபாட்டைத் தருகிறது. அதாவது ஓடுபாதையின் மேல்முனை, கீழ்முனையைவிட இருபது மாடிக் கட்டடத்தின் அளவுக்கு மேலே இருக்கிறது.

உயரமான இடத்தில் காற்று மெலிந்திருக்கும். வெப்பநிலை 15 டிகிரியாக உள்ள ஒரு நாளில் லுக்லாவின் காற்று, கடல் மட்டத்தின் இயல்பான காற்றைவிட ஏறத்தாழ 29 சதவீதம் அடர்த்தி குறைந்தது; விமானம் அங்கே 11,400 அடிக்கு மேல் பறப்பதைப் போலவே நடந்துகொள்ளும். வேகங்காட்டி காற்றின் அழுத்தத்தை அளந்து சொல்லும் கருவியாகையால், அது 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) என்று காட்டும்போது விமானம் உண்மையில் 95 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். காற்றே வீசாத நாளில்கூட இந்தப் பதினைந்து நாட் வேறுபாடு தரையில் அப்படியே தெரியும். 95 நாட் வேகத்தில் தரையைத் தொடும் விமானத்தின் இயக்க ஆற்றல், அந்த விமானத்தையே சுமார் 120 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. ஓடுபாதை 60 மீட்டர் ஏறுகிறது. ஆகவே விமானத்தை நிறுத்தும் வேலையில் பாதியைச் சாய்வே செய்துவிடுகிறது. மீதியைப் பிரேக்கும் எதிர்த்திசையில் திருப்பிய சுழல்விசிறியும் பார்த்துக்கொள்கின்றன. அரை கிலோமீட்டர் நீளமே உள்ள பாதையில் இத்தகைய விமானங்கள் ஆண்டுக்கணக்கில் இறங்கி வருவது இந்தக் கணக்கால்தான். சாய்வை ஓடுபாதையின் குறையாக மட்டும் எழுதும் கட்டுரைகள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

மறுபாதி, விமானியின் கண்ணில் நடக்கிறது. சமதள ஓடுபாதையை மூன்று பாகைக் கோணத்தில் அணுகிப் பழகியவரின் மனத்தில் அந்தப் பாதையின் உருவம் ஒன்று பதிந்திருக்கும்: நீண்டு, தொலைவில் குறுகி, ஓரளவு தட்டையாகக் கிடக்கும் ஒரு பட்டை. 11.7 சதவீதச் சாய்வு என்பது கிட்டத்தட்ட 6.7 பாகை. விமானம் மூன்று பாகையில் இறங்கினாலும், மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் பாதைக்கும் அதன் பார்வைக்கும் இடையே உள்ள கோணம் பத்துப் பாகையை நெருங்கிவிடுகிறது. கண்ணாடிக்கு முன்னால் தெரியும் ஓடுபாதை, படுத்திருக்கும் பட்டையாகத் தோன்றாமல் சுவரில் சாத்திய பலகை போல நிமிர்ந்து தோன்றும். பழகிய கண் இதைக் கண்டவுடன் ‘நான் மிக உயரத்தில் இருக்கிறேன்’ என்று முடிவு கட்டும். கை தானாகவே விமானத்தைக் கீழே இறக்கும். சமவெளியில் இதே பிழையைச் செய்தவர் ஓடுபாதைக்கு முன்னுள்ள புல்தரையைத் தொட்டுவிட்டு வெட்கத்தோடு பாதைக்கு வந்து சேரலாம். லுக்லாவில் ஓடுபாதைக்கு முன்னால் புல்தரை இல்லை, அதன் விளிம்பைத் தாங்கி நிற்கும் செங்குத்தான சரிவுதான் இருக்கிறது. ஐந்து மீட்டர் தாழ்வாக வந்த விமானம் முட்டுவது அந்தச் சரிவில்தான்.

சாய்வு செய்யும் மூன்றாவது காரியம் பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. ஓடுபாதையின் வாயிலுக்கு மேலே வந்தபிறகு விமானி மனம் மாறி, இறங்க வேண்டாம் என்று தீர்மானிப்பதாக வைத்துக்கொள்வோம். சமவெளியில் அவர் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வேகம் சேர்த்து, பிறகு ஏறலாம். இங்கோ தரையே ஏறி வருகிறது. 95 நாட் வேகத்தில் போகும் விமானம், ஓடுபாதையின் பரப்பை முட்டாமல் அதற்கு இணையாகப் போவதற்கு மட்டும் நிமிடத்துக்கு 1,100 அடிக்குக் குறையாமல் ஏற வேண்டும். சக்கரங்கள் கீழே, ஃப்ளாப் (குறைந்த வேகத்தில் பறக்க உதவும்படி இறக்கையின் பின்விளிம்பில் விரியும் தகடு) முழுமையாக விரிந்து, மெல்லிய காற்றில், சுமையோடு இருக்கும் சிறு விமானத்திடம் இதை எதிர்பார்க்க முடியாது. அப்படியே ஏறினாலும் பாதையின் முடிவில் மலை நிற்கிறது. திரும்பலாம் என்றால், அதே வேகத்தில் முப்பது பாகை சாய்த்துத் திரும்பும் விமானத்துக்கு 800 மீட்டருக்கு மேல் அகலம் தேவை. இன்னும் கூர்மையாகச் சாய்த்தால் வட்டம் சுருங்கும், ஆனால் விமானம் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும் வேகம், உயர்ந்துகொண்டே போகும்.

அதனால்தான் இத்தகைய ஒருவழி ஓடுபாதைகளில், வான்வழியில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும் என்று விமானிகள் முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறார்கள். அந்த இடம் வரும்வரை எல்லாம் சரியாக இருந்தால் போகலாம். ஏதேனும் ஒன்று சரியில்லை என்றால் அங்கேயே பள்ளத்தாக்கின் அகலமான பகுதியில் திரும்பிவிட வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மலைக்காட்டுப் புல் ஓடுபாதைகளிலும் பப்புவா நியூ கினியின் மலைச்சரிவு ஓடுபாதைகளிலும் இதுவே முதற்பாடம்.

பிற்பகலும் மேகமும்

மலைப் பள்ளத்தாக்குகளில் காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேல்நோக்கிக் காற்று இழுக்கப்படும். லுக்லாவில் தரையிறங்கும் விமானத்துக்கு இந்தக் காற்று முதுகிலிருந்து வீசும். வேகங்காட்டியில் தெரியாத வேகத்தைத் தரையில் கூட்டும். மே மாதக் கடைசியில், பருவமழை நெருங்கும் நேரத்தில், அந்தக் காற்றில் ஈரமும் மிகுந்திருக்கும். சரிவில் ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகும். எனவே இங்கே மேகம் மேலிருந்து இறங்கி வருவதைவிடக் கீழிருந்து ஏறி வருவதே மிகுதி. லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறப்பது இதனால்தான்.

கீழிருந்து ஏறும் மேகத்தின் தனி ஆபத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடுபாதையில் நின்று பார்ப்பவருக்கு வானம் தெளிவாக இருக்கலாம், எதிர்மலை தெரியலாம். ஆனால் தரையிறங்கும் விமானம் கடைசி நிமிடத்தில் கடக்கும் காற்றுப்பகுதி, ஓடுபாதையின் விளிம்புக்கு வெளியே, அதன் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. மேகம் முதலில் நிரப்புவது அந்தப் பகுதியைத்தான். தரையில் இருப்பவர் காணும் வானிலையும் விமானி காணும் வானிலையும் சில நூறு மீட்டர் இடைவெளியில் வேறுவேறாக இருக்கக்கூடும், அதுவும் இரண்டு மூன்று நிமிடங்களில் மாறிவிடக்கூடும்.

2017 மே 27 அன்று பிற்பகல் லுக்லாவின் வானிலை விரைவாகக் கெட்டுக்கொண்டிருந்தது. அந்த நிலையில்தான் 9என்-ஏகேஒய் பள்ளத்தாக்கில் இறங்கு பாதையில் வந்துகொண்டிருந்தது.

கடைசி நொடிகள்

விபத்தை ஆராய நேபாள அரசு அமைத்த ஆணையம் கண்ட முடிவின் சாரம் இது: தரையிறங்கும் கட்டத்தின் கடைசிப் பகுதியில் உருவான நெருக்கடியில், சக்கரங்களும் முழு ஃப்ளாப்பும் விரிந்திருந்த நிலையிலேயே உடனடியாக மேலேற முயன்றபோது, விமானத்தின் தாக்குகோணம் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) திடீரென்று கூடியது, அதனால் காற்றுத்தடை மிகுந்தது, ஏற்கெனவே ஓடுபாதையை அணுகுவதற்குரிய வேகத்தைவிடக் குறைவான வேகத்தில் இருந்த விமானம் ஸ்டால் ஆகி விழுந்தது. துணைக் காரணங்களாக, கடினமான நில அமைப்பு, விரைந்து கெட்ட வானிலை, விமானி தம் நிலையைப் பற்றிய தெளிவை இழந்தது, ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தபின் விசைப்பிடியை உரிய நேரத்தில் முழுமைக்கும் தள்ளாதது, மிகக் குறைந்த அணுகு வேகம், வகுத்த நடைமுறைகளைப் பின்பற்றாதது ஆகியவற்றை ஆணையம் குறிப்பிட்டது.

இந்த வரிகளை மேலோட்டமாகப் படிக்கிறவர், ‘விமானி தவறிழைத்தார்’ என்று சுருக்கிக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் வேகம். ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் எடைக்கேற்ப அணுகு வேகம் ஒன்று உண்டு. ஸ்டால் வேகத்துக்கு மேலே ஓர் இடைவெளியை விட்டு அதை வகுப்பார்கள். அந்த இடைவெளிதான் காற்றின் குலுக்கலுக்கும், கை தவறுவதற்கும், கடைசிநேர மாற்றங்களுக்கும் உள்ள சேமிப்பு. குட்டையான ஓடுபாதைக்கு வருகிறவருக்கு வேகத்தைக் குறைத்து வரும் ஆசை இயல்பாகவே எழும். முதுகுக்காற்றும் இருந்தால் தரை மிக விரைவாக நெருங்குவதைக் கண்டு அந்த ஆசை இன்னும் வலுக்கும். அப்படி வேகம் குறைந்தால், பின்னால் தேவைப்படப்போகும் சேமிப்பு முன்னாலேயே செலவாகிவிடுகிறது. அன்று வேகம் குறைந்தது இந்தக் காரணத்தால்தான் என்று நான் சொல்லவில்லை. குறைந்த வேகத்தில் அங்கே வந்து சேர்ந்தவருக்கு என்ன மிச்சமிருக்கும் என்பதையே சொல்கிறேன்.

அடுத்து உயரம். மேகத்துக்குள் ஓடுபாதை மறைந்து, பிறகு தெரியும்போது விமானி அதைத் தமக்கு மேலே காண்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடி முழுவதும் சரிவு; அதன் மேல்விளிம்பில் ஓடுபாதையின் தொடக்கம். கடைசி ஒரு கிலோமீட்டரைக் கடக்க இருபது நொடிகளே ஆகும். இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்ப நேரமில்லை. மூக்கை உயர்த்துவது ஒன்றே கைக்கு எட்டும் செயல். எந்த மனிதனின் கையும் அதைத்தான் செய்யும்.

ஆனால் விமானம் மூக்கை உயர்த்துவதால் ஏறுவதில்லை. மிகுதியாக உள்ள விசையால் ஏறுகிறது. மூக்கை உயர்த்தும்போது இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். வேகம் போதுமான அளவில் இருந்தால், சிறிது நேரத்துக்குத் தூக்குவிசையும் கூடி விமானம் எழும். வேகம் குறைவாக இருந்தால், கூடுவது பெரும்பாலும் காற்றுத்தடைதான். தடை கூட, வேகம் மேலும் குறையும். குறைந்த வேகத்தில் அதே உயரத்தைத் தக்கவைக்க மூக்கை இன்னும் உயர்த்த வேண்டிவரும். அது தடையை மேலும் கூட்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர இரண்டே வழிகள்: மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்ப்பது, அல்லது இயந்திரத்தின் முழுவிசையையும் உடனே கொண்டுவருவது. முதல் வழியைச் சரிவு அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டாவது வழி, ஆணையத்தின் கூற்றுப்படி, உரிய நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை. முழு ஃப்ளாப் விரிந்திருந்ததால் தடை தொடக்கத்திலிருந்தே உச்சத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் தரையிறக்கத்தைக் கைவிடுகிறவர்கள் விசையைக் கூட்டியவுடன் செய்யும் அடுத்த காரியமே ஃப்ளாப்பை ஒரு படி சுருக்குவதுதான். அதற்கான நொடிகள் இங்கே இல்லை.

அப்போது விசைப்பிடியை முழுமையாகத் தள்ளியிருந்தால் பிழைத்திருப்பார்களா? இருக்கலாம். ஆனால் இந்த விபத்திலிருந்து அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, ‘ஸ்டால் எச்சரிக்கை கேட்டால் விசையைக் கூட்டுங்கள்’ என்று பயிற்சிக் கையேட்டில் இன்னொரு வரியைச் சேர்ப்பது போதாது என்று நினைக்கிறேன். அந்த வரி ஏற்கெனவே எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. பயிற்சியின் முதல் வாரங்களிலேயே சொல்லித்தரப்படுவது அது. சரிவு கண்ணை நிறைத்த நிலையில் அதைச் செய்ய வேண்டிய இடத்துக்கு விமானம் வந்துசேர்ந்ததுதான் கேள்வி. வானிலை கெடுவது தெரிந்தபோதே, பள்ளத்தாக்கின் அகலமான பகுதியில் திரும்பியிருக்க வேண்டும். வேகமும் உயரமும் அகலமும் அப்போது கையில் இருந்தன.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு

2008 அக்டோபர் 8 விபத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தும். எட்டி ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டர் விமானம், 16 பயணிகளும் 3 பணியாளர்களுமாகக் காத்மாண்டுவிலிருந்து லுக்லாவுக்கு வந்தது. பயணிகளில் பெரும்பாலோர் மலையேற வந்த வெளிநாட்டவர். பன்னிரண்டு பேர் ஜெர்மானியர், இருவர் ஆஸ்திரேலியர். மூடுபனியில் விமானி ஓடுபாதையைக் கண்பார்வையிலிருந்து இழந்தார்; விமானம் மிகத் தாழ்வாகவும் இடப்பக்கம் விலகியும் வந்து, ஓடுபாதைக்கு முன்பே மோதித் தீப்பற்றியது. தலைமை விமானி ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்தனர்.

இவ்விரண்டு விபத்துகளுக்கும் விமானத்தின் வகை வேறு, நிறுவனம் வேறு, ஆண்டின் பருவமும் வேறு. அக்டோபர் அங்கே தெளிந்த வானத்துக்குப் பெயர்பெற்ற மாதம். மே முடிவு அப்படியல்ல. ஆயினும் இரண்டிலும் வானிலை கெட்டிருந்தும் விமானம் ஓடுபாதையை நோக்கித் தொடர்ந்து சென்றிருக்கிறது. ஒருமுறை கண்டுவிட்ட ஓடுபாதை மறுபடியும் தெரியும் என்ற நம்பிக்கை மிக வலுவானது. முப்பது நிமிடம் பறந்து வந்து, இன்னும் முப்பது நொடியில் இறங்கிவிடலாம் என்ற நிலையில் அந்த நம்பிக்கையை உதறுவது எளிதன்று. நூறு முறை அதே நம்பிக்கை பலித்த அனுபவசாலிக்கு அது இன்னும் கடினம் என்பதையும் மறுக்க முடியாது.

லுக்லாவுக்குத் தலைமை விமானியாகப் பறப்பவர், குட்டை ஓடுபாதைகளில் குறைந்தது நூறு முறை பறந்திருக்க வேண்டும்; நேபாளத்தில் அத்தகைய பறத்தலில் ஓராண்டு அனுபவம் வேண்டும்; தகுதிபெற்ற பயிற்றுநரோடு பத்து முறை லுக்லாவுக்கு வந்துபோயிருக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் தேவையானவையே. ஆனால் அவை வளர்ப்பது பெரும்பாலும் கைத்திறனை: எந்த இடத்தில் எந்த உயரம், எந்த வேகம், சக்கரம் எங்கே தொட வேண்டும் என்பவற்றை. 2008-லும் 2017-லும் அந்தக் கைத்திறன் தோற்றுப்போனது என்று சொல்ல முடியாது. அதைக் காட்டும் வாய்ப்பே வரவில்லை.

திரும்பியவருக்கும் நேர்ந்தது

‘சந்தேகம் வந்தால் திரும்பிவிடு’ என்பதை எளிய விதியாகச் சொல்லிவிடலாம். அதுவும் எப்போது திரும்புவது என்பதைப் பொறுத்ததே என்பதற்கு ஜோம்சோமில் நேர்ந்த விபத்து சான்று. 2012 மே 14 அன்று, மேற்கு நேபாளத்தில் 2,700 மீட்டருக்கு மேல் அமைந்த அந்த நிலையத்தில், அக்னி ஏரின் டோர்னியர் 228 விமானம் தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பியபோது, இறக்கை மலைச்சரிவில் மோதி விழுந்தது. விமானத்தில் இருந்த 21 பேரில் 15 பேர் இறந்தனர். விளம்பரங்களாலும் திரைப்படங்களாலும் இந்தியா முழுவதும் அறியப்பட்ட குழந்தை நட்சத்திரம் தருணி சச்தேவும் அவருடைய தாயும் இறந்தவர்களில் அடங்குவர். முக்திநாத் யாத்திரைக்கு வருகிறவர்கள் இறங்கும் நிலையம் ஜோம்சோம்தான். லுக்லாவில் நேரே ஏற முயன்றவர்கள் ஸ்டால் ஆகி விழுந்தார்கள். ஜோம்சோமில் வளைந்து திரும்ப முயன்றவர்கள் மலையில் முட்டினார்கள். தப்பிக்கும் இரண்டு வழிகளும் பள்ளத்தாக்கின் குறுகிய பகுதிக்குள் நுழைந்தபிறகு அடைபட்டுப்போகின்றன.

2019 ஏப்ரல் 14 அன்று லுக்லாவில் இன்னோர் எல்-410 விபத்துக்குள்ளானது. ஆனால் அது புறப்படும்போது ஓடுபாதையைவிட்டு விலகி ஹெலிகாப்டர் தளத்தில் மோதிய நிகழ்வு. மூவர் இறந்த அந்த விபத்தின் காரணங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அதை இங்கே சேர்த்துக் குழப்பத் தேவையில்லை. ‘உலகின் மிக ஆபத்தான விமான நிலையம்’ என்ற தலைப்பில் எல்லா விபத்துகளையும் ஒரே பட்டியலில் அடுக்குவது வாசகரைப் பயமுறுத்துமே தவிர, எதையும் விளக்காது.

முடிவை எங்கே வைப்பது

ஓடுபாதையை நீட்ட இடமில்லை. மலையை நகர்த்த முடியாது. பள்ளத்தாக்கில் கருவித் தரையிறக்கத்துக்கு நேர்கோட்டு வழியில்லை. எஞ்சியிருப்பது, போகலாமா வேண்டாமா என்ற முடிவை விமானத்தின் கடைசி நிமிடத்திலிருந்து முடிந்தவரை முன்னால் இழுப்பது. அதற்குத் தேவைப்படுவது கூடுதல் துணிச்சலோ கூடுதல் திறமையோ அல்ல, அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டர் காற்றுப்பகுதி இந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்ற தகவல்.

அலாஸ்காவில் இதற்கு ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. அங்கும் சாலையில்லாத ஊர்கள், மண் ஓடுபாதைகள், கணவாய்கள், ஒற்றை இயந்திர விமானங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணவாய்களிலும் சிறு ஓடுபாதைகளிலும் வானிலைக் கேமராக்களை நிறுவி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவை எடுக்கும் படங்களை எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அந்தப் படங்களின் சிறப்பு அவற்றின் துல்லியத்தில் இல்லை. ஒவ்வொரு கேமராவுக்கும், அதே கோணத்தில் தெளிந்த நாளொன்றில் எடுத்த படம் ஒன்று பக்கத்திலேயே காட்டப்படும். அதில் தெரியும் மலைமுகடுகள்மீது அவற்றின் தொலைவும் உயரமும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு மைல் தொலைவில் இருப்பதாக எழுதப்பட்ட முகடு இன்றைய படத்தில் இல்லையென்றால், பார்வைத்தூரம் இரண்டு மைலுக்குக் குறைவு என்று தெரிந்துகொள்ள வானிலை ஆய்வாளர் தேவையில்லை. லுக்லா ஓடுபாதையின் கீழ்முனையில், வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அப்படியொரு கேமராவும், பக்கத்தில் தூத் கோசியின் முகடுகளுக்குத் தொலைவெழுதிய தெளிந்த நாள் படமும் இருந்தால், காத்மாண்டுவில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிடலாம்.